ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் உயிர்த்தடம் காணும் கருவிகள்

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் உயிர்த்தடம் காணும் கருவிகள் என்பன, கடற்படுகையின் பிளவுகளிலிருந்து பீறிடும் சூடான, தாதுக்கள் கரைந்த நீரிலும் அதைச் சூழ்ந்த பாறையிலும் படிவிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றனவா, அல்லது முன்பு வாழ்ந்தனவா என்பதை அவ்விடத்திலேயே அளந்தறியவும், பழுதுபடாத மாதிரிகளை மேலே கொண்டுவரவும் அமைக்கப்படும் உணரிகள், நிறமாலைமானிகள், மாதிரி சேகரிப்பிகள், மரபணுப் பகுப்பிகள் ஆகியவற்றின் தொகுதியாகும். உயிரினத்தின் செயல்பாட்டால் உண்டாகி, உயிரற்ற வேதிவினைகளால் எளிதில் விளக்க முடியாதபடி எஞ்சி நிற்கும் பொருளோ வடிவமோ வேதி விகிதமோ உயிர்த்தடம் எனப்படுகிறது.

இக்கருவிகளின் அரை நூற்றாண்டு வரலாறு ஒரே கேள்வியைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது: கருவியில் தோன்றும் குறி உயிரினுடையதா, பாறையினுடையதா, அல்லது மேலிருந்து கருவியோடு சேர்ந்து இறங்கிய அழுக்கினுடையதா? இம்மூன்றையும் பிரித்தறிய உதவாத கருவி, எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், உயிரைக் கண்டறிந்ததாகக் கொள்ளப்படுவதில்லை.

ஊற்றுகளின் தன்மை

புவியோட்டின் தட்டுகள் விலகிச் செல்லும் நடுக்கடல் முகடுகளில் கடல்நீர் பாறை விரிசல்கள் வழியாகக் கீழே இறங்கி, பாறைக்குழம்பின் வெப்பத்தால் சூடேறி, தன்னிடமுள்ள ஆக்சிஜனையும் மக்னீசியத்தையும் இழந்து, அதற்கு மாறாக ஹைட்ரஜன் சல்பைடு, ஹைட்ரஜன், மீத்தேன், இரும்பு, மாங்கனீசு, செம்பு, துத்தநாகம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலெழுகிறது. ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள ஆழ்கடல் நீரை அது தொட்டவுடன் உலோக சல்பைடுகள் நுண்துகள்களாகப் படிந்து கரிய புகைபோலக் கிளம்புவதால் இத்தகைய ஊற்றுகளுக்குக் கரும்புகை ஊற்றுகள் என்ற பெயர் ஏற்பட்டது. படியும் தாதுக்களே அடுக்கடுக்காக வளர்ந்து கூம்புகளாகவும் கோபுரங்களாகவும் நிற்கின்றன. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 2,500 மீட்டர் ஆழத்தில் நிலவும் சுமார் 250 மடங்கு அழுத்தத்தில், 350 டிகிரி வெப்பமுள்ள நீரும் கொதித்து ஆவியாகாமல் நீராகவே இருக்கிறது.

கதிரவனின் ஒளி எட்டாத இந்த இருளில் உணவு உற்பத்தியின் அடிப்படை ஒளிச்சேர்க்கை அன்று. ஹைட்ரஜன் சல்பைடு, ஹைட்ரஜன் போன்ற பொருள்களை ஆக்சிஜனுடனோ பிற ஏற்பிகளுடனோ வினைபுரியச் செய்து அதில் கிடைக்கும் ஆற்றலால் கரியமில வாயுவை உடற்பொருளாக மாற்றும் வேதிச்சேர்க்கையே அதன் இடத்தைப் பிடிக்கிறது. இதைச் செய்வன பாக்டீரியாக்களும், தோற்றத்தில் அவற்றை ஒத்திருந்தும் பரிணாமத்தில் தனிக்கிளையாக நிற்கும் ஆர்க்கியா என்னும் தொல்லுயிரிகளும் ஆகும். ஊற்றுக்கோபுரத்தின் உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடைப்பட்ட சில சென்டிமீட்டர் தடிப்பில் வெப்பநிலை முந்நூறு டிகிரிக்கும் மேல் வேறுபடுவதால், நுண்ணுயிர்கள் தத்தமக்கு ஏற்ற மெல்லிய படலங்களில் மட்டுமே குடியிருக்கின்றன. எனவே உயிர்த்தடம் காணும் கருவி உயிரை மட்டும் அறிந்தால் போதாது. அது எந்தப் படலத்தில், எந்த வெப்பத்தில், எந்த வேதிச்சூழலில் இருக்கிறது என்பதையும் உடன் அறிய வேண்டியிருக்கிறது.

கண்டுபிடிப்பும் முதற்பாடங்களும்

வெந்நீர் ஊற்றுகள் முதன்முதலாக நேரில் காணப்பட்டது 1977 பிப்ரவரியில், பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் பிளவில், சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் ஆகும். ஆங்கஸ் என்னும் ஒளிப்படக் கருவிச்சட்டம் கப்பலிலிருந்து கம்பியில் இழுத்துச் செல்லப்பட்டபோது அதன் வெப்பமானியில் ஒருமுறை மட்டும் சிறு ஏற்றம் பதிவாயிற்று; பின்னர் கழுவிப் பார்த்த ஏறத்தாழ 3,000 படங்களுள், அந்த ஏற்றம் பதிவான நேரத்துக்குரிய 13 படங்களில் மட்டும் வெண்ணிறச் சிப்பிகள் கூட்டமாகத் தெரிந்தன. தொடர்ந்து ஆல்வின் என்னும் ஆள் செல்லும் நீர்மூழ்கி இறங்கி அவ்விடத்தை உறுதிசெய்தது. வெப்பமானியும் ஒளிப்படக் கருவியும் ஒரே கணத்தை இருவேறு வழிகளில் பதிந்திருந்ததே அக்கண்டுபிடிப்பை இயலச் செய்தது. ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள் ஒரே இடத்தைச் சுட்ட வேண்டும் என்ற நெறி இத்துறையில் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது.

இரண்டாம் பாடம் 1979இல் கிழக்குப் பசிபிக் முகட்டில் கிடைத்தது. மெக்சிகோவுக்கு அப்பால், வடக்கு 21 பாகையில் முதல் கரும்புகை ஊற்றைக் கண்ட ஆல்வின் குழுவினர் வெப்பமானியை அதன் வாயில் செருகியபோது, அதைத் தாங்கிய நெகிழிக் கோல் உருகிவிட்டது. தகுந்த கருவியோடு மீண்டும் இறங்கி அளந்தபோது நீரின் வெப்பம் சுமார் 350 டிகிரி அல்லது அதற்கும் மேல் என்பது தெரியவந்தது. கலாபகோசில் அளந்த இளஞ்சூட்டு நீரை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட கருவி, அதைவிடப் பன்மடங்கு சூடான நீரின் முன் நிற்க முடியவில்லை.

ஊற்றுகளைச் சூழ்ந்து வாழும், வாயும் குடலும் இல்லாத பெருங்குழாய்ப்புழுக்கள் எவ்வாறு உயிர்வாழ்கின்றன என்ற புதிருக்கு விடையாக, அவற்றின் உடலுக்குள் வேதிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள் குடியிருப்பதை 1981இல் காலீன் கேவனா எடுத்துரைத்தார். அதன்பின் ஊற்று ஆய்வின் மையத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் விலங்குகளைவிட, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வந்துசேர்ந்தன.

எது உயிரின் தடம்

1983இல் ஜான் பாரோஸ், ஜோடி டெமிங் ஆகிய இருவரும் கரும்புகை ஊற்றிலிருந்து எடுத்த பாக்டீரியாக்கள் உயர் அழுத்தத்தில் குறைந்தது 250 டிகிரி வெப்பத்தில் பெருகியதாக அறிவித்தனர். மறு ஆண்டே ஜொனத்தன் டிரென்ட் முதலியோர், அத்தகைய வெப்பத்திலும் அழுத்தத்திலும் வளர்ப்பு ஊடகமே வேதிமாற்றம் அடைந்து, உயிரணுக்களைப் போன்ற துகள்களையும் வளர்ச்சி போன்ற அளவீடுகளையும் தரக்கூடும் என்று எடுத்துக்காட்டினர். 250 டிகிரியில் உயிர் என்ற கூற்று நிலைபெறவில்லை. இன்று உறுதிசெய்யப்பட்டுள்ள உச்சவரம்பு 122 டிகிரியாகும். எனினும் அந்த விவாதம் துறைக்குப் பெரும் நன்மை செய்தது. நுண்ணுயிர் சேர்க்கப்படாத வெற்று மாதிரியையும் அதே கருவியில், அதே சூழலில் ஓட்டிப் பார்த்து இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறவேண்டும் என்ற ஒழுங்கு அதனால் வலுப்பெற்றது.

மீத்தேன் இதே சிக்கலை வேறு வகையில் காட்டுகிறது. மீத்தேன் உண்டாக்கும் தொல்லுயிரிகள் ஊற்றுகளில் மிகுதியாக இருப்பதால் அவ்வாயு உயிரின் அறிகுறியாகத் தோன்றும். ஆனால் 2000ஆம் ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலில் கண்டறியப்பட்ட லாஸ்ட் சிட்டி ஊற்றுத்தொகுதியில், புவியின் மூடகப் பாறை நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும்போது, உயிரின் துணையின்றியே மீத்தேனும் சிறு ஹைட்ரோகார்பன்களும் உருவாகின்றன என்பதற்கான சான்றுகள் 2008இல் வெளியாயின. ஆகவே மீத்தேன் இருப்பதைவிட, அதிலுள்ள கார்பன் எவ்வகையானது என்பதே கூடுதல் பொருளுடையதாகிறது. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் ஐசோடோப்புகள் எனப்படும். உயிரினங்கள் எடை குறைந்த கார்பன் 12ஐ விரும்பி ஏற்பதால், அவை உண்டாக்கும் பொருள்களில் கார்பன் 13இன் பங்கு குறைகிறது. இந்த விகிதமும் தனித்து நின்று தீர்ப்பு வழங்குவதில்லை. ஹைட்ரஜன் அளவு, வெப்பநிலை, அங்குள்ள மரபணுக்கள் ஆகியவற்றோடு ஒத்துப்போகும்போது மட்டுமே அது சான்றாகிறது.

வடிவங்களிலும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஹவாய்த் தீவுகளை அடுத்த முன்பு லோய்ஹி என்று அழைக்கப்பட்ட கடலடி எரிமலையில் வாழும் இரும்பு ஆக்சிஜனேற்ற பாக்டீரியாக்கள் முறுக்கிய நூல் போன்ற இரும்புத் துருக் காம்புகளைச் சுரக்கின்றன. இவை பாறையில் நெடுங்காலம் எஞ்சக்கூடியவை. ஆனால் சிலிக்காவும் உலோக உப்புகளும் தாமாகவே நூலிழை வடிவங்களில் வளர்வதுண்டு என்பதால், நுண்ணோக்கிப் படத்தோடு அவ்விழையின் வேதிச்சேர்மானமும் காட்டப்பட வேண்டியிருக்கிறது.

கருவி வகைகள்

ஊற்றைத் தேடும் உணரிகள். ஊற்றின் சூடான நீர் கடல்நீரோடு கலந்து சில நூறு மீட்டர் உயரம் எழும்பி, சூழ்ந்துள்ள நீரின் அடர்த்தியை அடைந்தவுடன் பக்கவாட்டில் பல கிலோமீட்டர் பரவுகிறது. ஊற்றுமுகில் எனப்படும் இப்பரவலை வெப்பநிலை, உவர்ப்பு, கலங்கல்தன்மை, மீத்தேன், மாங்கனீசு, ஹீலியம் 3 ஆகியவற்றை அளந்து அடையாளம் காண்கின்றனர். ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தத்தை அளக்கும் உணரி இவற்றுள் தனிச்சிறப்புடையது. சல்பைடு போன்ற விரைவில் அழியும் பொருள்களுக்கே அது வினைபுரிவதால், அதன் முள் சரிந்தால் ஊற்று மிக அருகில் இருப்பது புலனாகிறது.

மின்வேதி உணரிகள். ஜார்ஜ் லூதரும் அவருடைய குழுவினரும் தங்கத்தின் மீது பாதரசம் பூசிய நுண்மின்முனைகளைக் கடலடியில் செருகி, ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, இரும்பு ஆகியவற்றை ஒரே வீச்சில் அளந்தனர். 2001இல் வெளியான அவர்களுடைய முடிவுகளின்படி, குழாய்ப்புழுக்கள் வாழும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு தனித்துக் கிடைக்கிறது. பொம்பெய்ப் புழு என்னும் வேறொரு வகைப் புழு வாழும் மிகச் சூடான இடத்திலோ அது இரும்போடு பிணைந்து கிடக்கிறது. மொத்த சல்பைடை மட்டும் ஆய்வகத்தில் அளந்திருந்தால் இந்த வேறுபாடு மறைந்தே போயிருக்கும். பொருளின் அளவைவிட அது எந்த வேதிவடிவில் இருக்கிறது என்பதே உயிரின் இருப்பிடத்தை முடிவுசெய்கிறது.

கடலடித் திணிவு நிறமாலைமானிகள். மூலக்கூறுகளை மின்னூட்டி எடைவாரியாகப் பிரிக்கும் திணிவு நிறமாலைமானியை அழுத்தம் தாங்கும் உறைக்குள் வைத்து, வாயுக்களை மட்டும் உள்விடும் மெல்லிய சவ்வின் வழியாக ஊற்றுநீரின் ஹைட்ரஜன், மீத்தேன், கரியமில வாயு ஆகியவற்றை அவ்விடத்திலேயே அளக்கும் முறையைப் பீட்டர் கிர்கிஸ் முதலியோர் வளர்த்தெடுத்தனர். வட பசிபிக்கின் ஹுவான் டி ஃபூக்கா முகட்டில் இவ்வாறு அளந்தபோது, பாறைப்பிளவுகளில் மெல்லக் கசியும் இளஞ்சூட்டு நீரில், வெறும் கலப்பினால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட ஹைட்ரஜன் மிகவும் குறைந்திருந்தது. அந்தக் குறைவு கடற்படுகைக்குக் கீழே ஹைட்ரஜனை உண்ணும் நுண்ணுயிர்கள் இருப்பதைச் சுட்டுவதாக 2011இல் வெளியான ஆய்வு விளக்கியது. இருப்பதை மட்டுமன்றி, இருக்கவேண்டியது இல்லாமற்போனதையும் உயிர்த்தடமாகப் படிக்கலாம் என்பதற்கு இது தக்க சான்று.

ஒளியியல் கருவிகள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1921இல் கப்பற்பயணத்தின்போது கடலின் நீலநிறத்துக்குக் காரணம் தேடத் தொடங்கி, 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு, இன்று அதே கடலின் அடித்தளத்தை ஆராயும் கருவியாக மீண்டிருக்கிறது. ஒற்றை நிற லேசர் ஒளி ஒரு பொருளின் மீது விழும்போது சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. அம்மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கைரேகை போலத் தனித்துவமானது. மான்டெரே விரிகுடா கடற்காட்சியக ஆய்வுக்கழகத்தின் பீட்டர் பிரூவர் குழுவினர் 2000களின் தொடக்கத்தில் ராமன் நிறமாலைமானியை ஆழ்கடலுக்கு இறக்கினர்; பின்னர் சீன ஆய்வாளர்கள் 450 டிகிரி வரை தாங்கி ஊற்றுவாயிலேயே செருகக்கூடிய ராமன் முனையை உருவாக்கினர். மாதிரியைத் தொடாமலும் கரைக்காமலும் தாதுவையும் வாயுவையும் அறிய முடிவது இம்முறையின் பெருஞ்சிறப்பு. ராமன் குறி மிக மெலிந்தது என்பதும் கனிமங்களும் கரிமப்பொருள்களும் தாமே ஒளிர்ந்து அதை மறைத்துவிடும் என்பதும் இதன் குறைகள்.

அந்தக் குறையையே பயனாக மாற்றுவது ஆழ்புறஊதா ஒளிர்வு முறை. புரதங்களிலுள்ள டிரிப்டோஃபான் போன்ற அமினோ அமிலங்கள் 250 நானோமீட்டருக்கு அருகிலுள்ள புறஊதா ஒளியை உறிஞ்சித் தமக்கேயுரிய அலைநீளத்தில் ஒளிர்வதால், சாயம் எதுவும் ஏற்றாமலேயே பாறைப்பரப்பில் நுண்ணுயிர்கள் எங்கே ஒட்டியுள்ளன என்பதை வரைபடமாக்க முடிகிறது. அத்துடன் அவ்வலைநீளத்தில் ராமன் குறிகளும் கனிம ஒளிர்வும் வெவ்வேறு பகுதிகளில் விழுவதால் ஒன்றையொன்று மறைப்பதில்லை.

உயிர்வேதிப் பகுப்பிகள். எல்லா உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாக விளங்கும் ஏடிபி என்ற மூலக்கூறு, மின்மினிப்பூச்சியின் ஒளிப்பொருளோடும் அதன் நொதியோடும் சேர்ந்தால் ஒளியைத் தருகிறது. உயிரணு இறந்தபின் ஏடிபி விரைவில் சிதைவதால், அது எஞ்சிய தடத்தைவிட நிகழ்கால உயிரையே பெரிதும் காட்டுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இவ்வினையைக் கடலடியிலேயே நிகழ்த்தும் சிறு பகுப்பியை அமைத்துள்ளனர். கடல்நீரை வடிகட்டி, உயிரணுக்களை உடைத்து, அவற்றின் மரபுப்பொருளைத் தேடும் முழு ஆய்வகத்தையே ஓர் உருளைக்குள் அடக்கிய கருவியை மேற்சொன்ன மான்டெரே ஆய்வுக்கழகத்தில் கிறிஸ் ஸ்கோலின் குழுவினர் உருவாக்கினர். அதன் ஆழ்கடல் வடிவம் 4,000 மீட்டர் ஆழத்துக்கென வடிவமைக்கப்பட்டது.

மாதிரி சேகரிப்பிகள். கடலடியில் அளக்க இயலாதவற்றை மேலே கொண்டுவரவேண்டும். டைட்டானியத்தால் ஆன ஊசிக்குழல் வடிவச் சேகரிப்பிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. வாயு கசியாமலும் அழுத்தம் குறையாமலும் நீரைக் காக்கும் சேகரிப்பியை ஜெஃப் சீவால்ட் முதலியோர் 2002இல் அறிமுகப்படுத்தினர். தூய ஊற்றுநீரில் மக்னீசியம் ஏறத்தாழ அற்றிருப்பதால், மாதிரியில் காணப்படும் மக்னீசியத்தின் அளவைக்கொண்டு எவ்வளவு கடல்நீர் கலந்துவிட்டது என்பதைக் கணக்கிட முடிகிறது. உயிரணு எந்த மரபணுவை அப்போது இயக்குகிறது என்பதைக் காட்டும் ஆர்என்ஏ, மேலேறி வரும் சில மணிநேரத்துக்குள் மாறிவிடக்கூடும் என்பதால், வடிகட்டிய உயிரணுக்களைக் கடலடியிலேயே பாதுகாப்புக் கரைசலில் நிறுத்திவிடும் முறை இப்போது பின்பற்றப்படுகிறது.

அழுத்தம், வெப்பம், தூய்மை

அழுத்தத்தை எதிர்கொள்ள இரு வழிகள் உள்ளன. மின்னணுப் பகுதிகளைத் தடித்த டைட்டானிய உறைக்குள் வளிமண்டல அழுத்தத்திலேயே வைப்பது ஒன்று. மின்னோடி, கம்பி இணைப்பு போன்றவற்றை எண்ணெய் நிரப்பிய பெட்டியில் வைத்து உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்துக்குச் சமமாக்குவது மற்றொன்று. ஒளியியல் கருவிகளின் சாளரங்களுக்குச் செயற்கை நீலக்கல் பயன்படுகிறது. வெப்பத்தைவிட நீண்ட தொல்லை தருவது படிவுதான்: ஊற்றின் வாயில் வைக்கப்பட்ட சாளரமும் மின்முனையும் சில நாள்களிலேயே சல்பைடு பூசிக் குருடாகிவிடுகின்றன. வானலைகள் நீரில் வெகுதூரம் செல்லாமையால் தரவுகளை ஒலியலையின் குறுகிய வழியிலோ கம்பியிலோ அனுப்பவேண்டும். இல்லையெனில் கருவியே முடிவெடுத்துத் தேர்ந்தவற்றைச் சேமிக்கவேண்டும்.

அழுத்தம் கருவிக்கு மட்டும் பொருட்டன்று. அளக்கப்படும் உயிருக்கும் அதுவே சூழல். இந்தியப் பெருங்கடலின் கைரேய் ஊற்றிலிருந்து எடுக்கப்பட்ட மெத்தனோபைரஸ் கண்ட்லேரி என்ற தொல்லுயிரியின் 116 எனப் பெயரிட்ட வகை, வழக்கமான ஆய்வகக் குடுவையில் 116 டிகிரி வரை மட்டுமே வளர்ந்தது. சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் வைத்தபோது 122 டிகிரியிலும் பெருகியது. கென் டகாய் குழுவினர் 2008இல் வெளியிட்ட இம்முடிவு, அழுத்தத்தை இழந்த மாதிரியிலிருந்து உயிரின் எல்லையை அறிய முடியாது என்பதை நிறுவியது.

தூய்மை இவை எல்லாவற்றிலும் கடினமானது. இறங்கும் வழியில் 2,000 அல்லது 3,000 மீட்டர் கடல்நீரைக் கடந்துவரும் கருவி, வழியெங்கும் நுண்ணுயிர்களைத் தாங்கியே வருகிறது. ஆகவே சேகரிப்பியின் வாயை ஊற்றில் செருகும்வரை மூடிவைத்தல், முன்கூட்டியே கிருமிநீக்கிய நீரால் நிரப்பி அனுப்புதல், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் ஊற்றுகளுக்கென அமைத்த சேகரிப்பியில் உள்ளதுபோலப் படிநிலை வடிகட்டிகளைப் பயன்படுத்துதல், ஒவ்வொரு மூழ்கலிலும் ஊற்றைத் தொடாத ஒப்பீட்டு மாதிரி ஒன்றை எடுத்தல் ஆகியவை கட்டாய நடைமுறைகளாகக் கருதப்படுகின்றன.

இந்தியப் பெருங்கடலும் சென்னையும்

இந்தியப் பெருங்கடலின் முதல் கரும்புகை ஊற்றுத்தொகுதியான கைரேய், மூன்று முகடுகள் சந்திக்கும் ரோட்ரிகஸ் முச்சந்திக்கு அருகில், சுமார் 2,450 மீட்டர் ஆழத்தில், 2000ஆம் ஆண்டு ஜப்பானின் காய்க்கோ என்ற ஆளில்லா ஊர்தியால் கண்டறியப்பட்டது. ஹைட்ரஜன் மிகுந்த அதன் நீரில், கதிரொளியைச் சற்றும் சாராமல் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் மட்டும் கொண்டு இயங்கும் நிலத்தடி நுண்ணுயிர்ச் சமூகம் இருப்பதற்கான சான்றுகளை, ஐசோடோப்பு விகிதங்களையும் மரபணுக்களையும் இணைத்து, 2004இல் டகாய் குழுவினர் முன்வைத்தனர். இரும்பு சல்பைடுச் செதில்களைக் காலில் அணிந்த நத்தை இனம் 2001இல் இங்கே காணப்பட்டது. தன் உணவுக்குழாய்ச் சுரப்பியில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைச் சார்ந்து வாழும் அது, ஆழ்கடல் சுரங்கத் தொழிலால் நேரக்கூடிய இடரைக் கருதி 2019இல் அருகிவரும் இனங்களின் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரபிக்கடலை ஒட்டிய கார்ல்ஸ்பெர்க் முகட்டில் 2003இல் சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள பெரும் ஊற்றுமுகில் அறியப்பட்டது.

இப்பெருங்கடலை ஆராயும் இந்தியக் கருவிகளின் பட்டறையாக விளங்குவது, 1993இல் தொடங்கப்பட்டுச் சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம். ரஷ்ய நிறுவனம் ஒன்றுடன் இணைந்து அது உருவாக்கிய ரோசப் 6000 என்ற கம்பிவழி இயங்கும் ஊர்தி 2010இல் 5,289 மீட்டர் ஆழத்தை எட்டியது. 2016இல் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் செய்த ஒப்பந்தத்தின்படி மத்திய, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் முகடுகளில் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்லுலோக சல்பைடுகளை ஆராயும் உரிமை இந்தியாவுக்குக் கிடைத்தது. 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பெர்க் முகட்டுக்கும் அத்தகைய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2021 ஜூனில் ஐந்தாண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டம், ஊற்றுத்தொகுதிகளைத் தேடுவதையும் ஆழ்கடல் உயிர்வளத்தை ஆராய்வதையும் தன் நோக்கங்களுள் கொண்டுள்ளது.

2024 டிசம்பரில் இக்கழகமும் கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் சாகர் நிதி கப்பலிலிருந்து தன்னியக்க நீரடி ஊர்தியை இறக்கி, மத்திய இந்தியப் பெருங்கடல் முகட்டில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் வெந்நீர் ஊற்றைப் படம்பிடித்தன. இந்திய ஆய்வாளர்கள் இயங்கும் ஊற்று ஒன்றை நேர்ப்படமாகப் பதிவுசெய்தது அதுவே முதன்முறை. மூவர் அமர்ந்து 6,000 மீட்டர் ஆழம் செல்லத்தக்க மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியும் இக்கழகத்தில் உருவாகி வருகிறது. 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட டைட்டானியக் கோளம் அதன் இதயம். அதன் துறைமுகச் சோதனைகள் 2025இன் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் நடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் இந்திய ஆழ்கடல் வீரர்கள் இருவர் பிரான்சின் நோட்டீல் நீர்மூழ்கியில் பயிற்சி மூழ்கல்களை மேற்கொண்டு, ஒருவர் 4,025 மீட்டரும் மற்றவர் 5,002 மீட்டரும் இறங்கினர்.

மேற்கண்ட ஒப்பந்தங்கள் கனிமத்தை முன்னிட்டவை. எனினும் சல்பைடுக் கோபுரமும் நுண்ணுயிரின் குடியிருப்பும் ஒன்றே என்பதால், கனிமம் அளக்கப்படுவதற்கு முன்பே அதன் மீதும் அதனுள்ளும் என்ன வாழ்கிறது என்பது அளக்கப்பட வேண்டும் என்பது இத்துறையின் அறிவியல் தேவையாகவும் அறக்கடமையாகவும் நிற்கிறது.

சிங்கப்பூரின் தொடர்பு

சிங்கப்பூரைச் சூழ்ந்த கடல் ஆழமற்றது. பொங்கோலின் வடகரையைத் தொட்டோடும் ஜொகூர் நீரிணையில் வெந்நீர் ஊற்றுகளுக்கு இடமில்லை. ஆயினும் உயிர்த்தடக் கருவிகளின் தேவை அங்கும் உணரப்பட்டதே. 2014, 2015 ஆண்டுகளில் இந்நீரிணையில் நுண்பாசிகள் திடீரெனப் பெருகி மிதவைப் பண்ணைகளின் மீன்கள் பெருமளவில் மடிந்தன. நச்சுப்பாசி பெருகுவதை நீரிலேயே மரபுப்பொருள்வழி அறிவிக்கும் நோக்கமே ஸ்கோலின் குழுவினரின் கருவிக்கும் தொடக்கமாக இருந்தது. ஆழ்கடலுக்கான அதன் வடிவம் பிறகே வந்தது. கரையோர மீன்பண்ணைக்கும் ஊற்றடிக்கும் வேண்டிய கருவிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை இது காட்டுகிறது.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2011இல் தொடங்கிய சுற்றுச்சூழல் உயிரறிவியல் பொறியியல் மையம், பரப்புகளில் நுண்ணுயிர்கள் கூட்டாக ஒட்டி வாழும் உயிர்ப்படலங்களை ஆராய்கிறது. ஊற்றுச்சுவர்களிலும் நுண்ணுயிர்கள் இவ்வாறே வாழ்கின்றன. 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் இந்தோனீசிய அறிவியல் கழகமும் தென் ஜாவா ஆழ்கடலில் 14 நாள் ஆய்வுப்பயணம் மேற்கொண்டு 12,000க்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகளைத் திரட்டின.

கடற்சட்டத்தில் சிங்கப்பூரின் பங்கு இன்னும் ஆழமானது. பேராசிரியர் டாமி கோ தலைமையில் நிறைவுபெற்று 1982இல் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கைக்கான பேச்சுகள் 1973இல், ஊற்றுகள் கண்டறியப்படுவதற்கு நான்காண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டன. ஆகவே கடற்படுகைக் கனிமங்களுக்கு விதி வகுத்த அவ்வுடன்படிக்கை, அங்குள்ள உயிர்களின் மரபுவளத்தைப் பற்றித் தனியாக எதுவும் வகுக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பேச்சுகளுக்கும் சிங்கப்பூரின் ரீனா லீ தலைமை தாங்கினார். நாட்டு எல்லைகளுக்கு அப்பாற்பட்ட கடல்களின் உயிர்ப்பன்மையைக் காக்கும் அவ்வுடன்பாட்டின் வாசகம் 2023 மார்ச் 4 அன்று நியூயார்க்கில் முடிவாகி, ஜூன் 19 அன்று ஏற்கப்பட்டு, 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊற்றிலிருந்து எடுக்கப்படும் நுண்ணுயிரும், அதன் மரபுவரிசைத் தரவும் தரும் பயன்களை நாடுகள் பகிர்ந்துகொள்ள அது வழிசெய்கிறது. எனவே எந்தக் கருவி, எங்கே, எப்போது அம்மாதிரியை எடுத்தது என்ற பதிவு, அறிவியல் ஒழுங்காக மட்டுமன்றிச் சட்டப்பொறுப்பாகவும் ஆகியிருக்கிறது.

பிற விண்பொருள்களின் கடல்கள்

சனியின் துணைக்கோளான என்செலடஸின் பனிப்பிளவுகளிலிருந்து பீறிடும் நீர்த்தாரையிலிருந்து வெளியேறியவையாகக் காசினி விண்கலம் கண்ட நுண்சிலிக்காத் துகள்கள், அதன் உட்கடலில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கக்கூடும் என்பதை 2015இல் சுட்டின; அத்தாரையில் ஹைட்ரஜன் இருப்பது 2017இல் அறிவிக்கப்பட்டது. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவை நோக்கி யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபர் 14 அன்று புறப்பட்டது. செவ்வாயில் 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் ஷெர்லாக் கருவி, ஊற்றுப்பாறைகளுக்குப் பயன்படும் அதே ஆழ்புறஊதா ஒளிர்வையும் ராமன் சிதறலையும் இணைத்தே இயங்குகிறது.

புவியின் ஊற்றுகள் இக்கருவிகளுக்குச் சோதனைக்களமாக அமைவதற்குக் காரணம், இங்கே விடை ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான். கைரேயில் உயிர் உண்டு என்பது மரபணுக்களால் உறுதியானது. லாஸ்ட் சிட்டியின் மீத்தேன் பாறையிலும் பிறக்கிறது என்பது வேதியியலால் காட்டப்பட்டது. உயிர் உள்ள இடத்தில் உண்டு என்றும், பாறை மட்டுமே பேசும் இடத்தில் இல்லை என்றும், தன் அழுக்கே குறியாகத் தோன்றும்போது அதையும் தெரிவித்தும் நிற்கும் கருவியை முதலில் இந்தியப் பெருங்கடலின் இருளில் நம்பிப் பழகிய பிறகே, மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சரிபார்க்க வழியில்லாத ஒரு கடலில் அது சொல்வதை ஏற்க முடியும்.